ஏழு மாதக் குழந்தை தூளியை ஆட்டினால்தான் தூங்குகிறாள், பாயில் தானாகத் தூங்கப் பழக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குமுளிச்சாரல்

எல்லோருக்கும் வணக்கம். ராத்திரி ஒன்றே முக்கால் ஆகிறது, ஒரு கையால் தூளிக் கயிற்றை இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் டைப் செய்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ஏழு மாதம் முடியப்போகிறது. கம்பத்தில் அம்மா வீட்டில் பதினாறாம் நாள் தூளி கட்டினார்கள், அன்றிலிருந்து தூளிதான். குமுளிக்கு வருவதற்குள் மாமியார் இங்கேயும் உத்தரத்தில் கொக்கி போட்டு வைத்திருந்தார். முதல் மூன்று மாதம் சொர்க்கம். இப்போது ஆட்டம் நின்றால் கண்ணைத் திறக்கிறாள். நேற்று எண்ணிப் பார்த்தேன், ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து வரை ஏழு தடவை. அதில் பாலுக்கு எழுந்தது இரண்டு தடவைதான், மற்றதெல்லாம் கயிற்றை இழுக்கச் சொல்லி.

26 வாரம் மகப்பேறு விடுப்பு முடிந்து, சம்பளம் இல்லாமல் ஒரு மாதம் சேர்த்து வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஏழே முக்கால் பஸ்ஸில் மலை இறங்கிக் கம்பம் போக வேண்டும். இப்படியே போனால் கொண்டை ஊசி வளைவில் முன் சீட்டுக் கம்பியில் முட்டிக்கொண்டு தூங்குவேன்.

பக்கத்து வீட்டுச் சேச்சிக்கும் இதே வயதில் ஒரு வாவா, அதாவது குழந்தை. பால் கொடுத்து, கீழே கிடத்தி, விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுகிறார். எப்படிச் சேச்சி என்றால் 'அது தன்னே உறங்ஙிக்கோளும்' என்கிறார். எனக்குப் பொறாமையில் வயிறு எரிகிறது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், தனி அறை எதுவும் கேட்கவில்லை. எங்களுக்கு இருப்பதே ஒரு படுக்கையறைதான். என் பக்கத்தில் பாயில் கிடக்கட்டும், ஆனால் ஆட்டாமல் தூங்கட்டும், அவ்வளவுதான் ஆசை.

கூடலூர்_மூன்றுபிள்ளைக்காரி

ஏம்மா, பச்சைப்பிள்ளை ஆட்டினால் தூங்குகிறது என்று ஒரு புகாரா? பத்து மாதம் வயிற்றுக்குள் ஆடிக்கொண்டே இருந்த உயிர் அது. நாம் எல்லோரும் தூளியில் வளர்ந்தவர்கள்தானே, யாராவது கல்யாணத்துக்கு அப்புறமும் தூளியில் படுக்கிறோமா? இந்த 'தானாகத் தூங்கப் பழக்குவது' என்பதெல்லாம் குழந்தையைத் தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் கொண்டுவந்தது. கத்திக் கத்தி ஓய்ந்து போவதற்குப் பெயர் தூக்கமா? கோபமாக எழுதுவதாக நினைக்காதே, என் மகள் வயதுதான் இருப்பாய்.

குமுளிச்சாரல்

அக்கா, அழ விடுகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. அழ விடாமல் வழி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். ஏழு தடவை எழுந்து ஆட்டுவது நானும் மாமியாரும் மாறி மாறித்தான். அவருக்கு அறுபத்து மூன்று வயது, தோள்பட்டை வலி, பகலில் முழுக்க அவர்தான் பார்க்கப் போகிறார்.

திருத்தணி_வடக்கு

எங்கள் பக்கம் ஏணை என்போம், நகரியில் என் மாமியார் வீட்டில் உய்யாலா, எந்தப் பெயர் சொன்னாலும் ராத்திரி விழிப்பது நாம்தான். நான் செய்த தப்பைச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். கை வலிக்கிறதென்று மோட்டார் வைத்த தொட்டில் வாங்கினேன். முதல் வாரம் அருமை. அப்புறம் கரண்ட் போனால் போச்சு, மோட்டார் நின்ற நொடியில் வீறிடுவான். முன்பாவது மனிதக் கை, பாட்டி கை ஆனாலும் சித்தி கை ஆனாலும் சமாளிக்கலாம், இப்போது அந்த மோட்டாரின் 'டிர்ர்' சத்தமும் சேர்ந்து வேண்டும் என்று ஆகிவிட்டது. நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கெட்ட பழக்கத்தை வாங்கி வந்தேன்.

கொழிஞ்சாம்பாறை_நர்ஸ்

திருத்தணிக்காரர் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நான் குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள், எனக்கும் இரண்டு பிள்ளைகள். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

குழந்தை ராத்திரி முழுக்க ஒரே மூச்சாகத் தூங்குவதில்லை. ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம் என்று ஒரு சுற்று முடிய இந்த வயதில் ஏறக்குறைய ஐம்பது, அறுபது நிமிடம். பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கொஞ்சம் விழிப்பு வரும், நமக்கும் வரும், நாம் புரண்டு படுத்துவிட்டுக் காலையில் மறந்துவிடுகிறோம். குழந்தை விழித்ததும் பார்ப்பது, நான் கண் மூடும்போது இருந்தது இப்போதும் இருக்கிறதா என்றுதான். ஆடிக்கொண்டே கண் மூடியவள் ஆடாமல் கிடந்தால், நீங்கள் வீட்டுக்குள் படுத்துத் திண்ணையில் விழித்தால் எப்படி இருக்குமோ அப்படி. அழத்தான் செய்வாள். உங்கள் மகள் மணிக்கொரு தரம் எழுவதன் கணக்கு இதுதான்.

முதல் மூன்று மாதம் சொர்க்கம் என்கிறீர்களே, அதுவும் சரிதான். அந்த வயதில் தூக்கத்தின் அமைப்பே வேறு, இரவு பகல் வித்தியாசம் உடம்புக்குள் சரியாக உருவாகியிருக்காது. நான்காம் மாதத்துக்குப் பிறகு தூக்கம் பெரியவர்கள் மாதிரி மாற ஆரம்பிக்கும்போதுதான் பல வீடுகளில் 'நல்லாத் தூங்கின பிள்ளை கெட்டுப்போச்சு' என்று சொல்வார்கள். கெட்டுப்போகவில்லை, வளர்ந்திருக்கிறது.

அதனால் எத்தனை தடவை எழுகிறாள் என்பதை விடுங்கள், ராத்திரி முதல் தடவை தூங்கும் அந்தக் கடைசி ஐந்து நிமிடம் எப்படி இருக்கிறது என்பதை மாற்றுங்கள். அது மாறினால் நடு ராத்திரி தானாக மாறும்.

இன்னொன்று, தூளி பற்றி. பயமுறுத்தவில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. துணியில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் ஒட்டினால் சின்னக் குழந்தைக்கு மூச்சுப் பாதை மடங்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் படுக்கும் இடம் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது என்றே இருக்கிறது. மல்லாக்கப் படுக்க வைப்பது, தட்டையான கெட்டியான படுக்கை, முகத்தருகே தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் இல்லாமல். கடுகுத் தலையணையும் வேண்டாம். தவழ ஆரம்பித்தால் தூளியிலிருந்து விழவும் செய்வாள். வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் காலித் தூளியை அவிழ்த்து வையுங்கள், முறுக்கி விளையாடிக் கழுத்தில் இறுகிய செய்தி நம் ஊர்களில் எத்தனை தடவை வந்துவிட்டது.

புளியரை_அப்பா

நான் இதைச் செய்து முடித்தவன், ஆறு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டில் ராத்திரி டியூட்டி என்னுடையது, மனைவிக்குக் காலை நாலரைக்கு எழுந்து புனலூர் போகிற வேலை.

அப்போது பையனுக்கு எட்டு மாதம். திடீரென்று தூளியை அவிழ்த்தால் வீடே ரணகளம் ஆகும் என்று தெரியும், அதனால் படிப்படியாகப் போனேன். முதல் நாலு நாள் தூளியிலேயேதான், ஆனால் ஆட்டுவதைக் குறைத்தேன். வழக்கம்போல ஆட்டி, கண் சொருகுகிற சமயத்தில், முழுக்க மூடுவதற்கு முன்னால், கையால் தூளியைப் பிடித்து நிறுத்திவிடுவேன். அழுதால் மறுபடி மெதுவாக ஆட்டுவேன், மறுபடி நிறுத்துவேன். முதல் நாள் இப்படிப் பதினோரு தடவை. நாலாம் நாள் இரண்டு தடவை. ஆட்டத்தில் ஆரம்பித்தாலும் தூங்கும்போது ஆட்டம் இல்லை, அது ஒன்றுதான் நோக்கம்.

அப்புறம் பாய். பாயில் போட்டு நெஞ்சில் கை வைத்துத் தட்டிக்கொடுத்தேன், நல்ல சத்தமாக, தாளம் மாறாமல். இரண்டாம் நாள்தான் மோசம், நாற்பது நிமிடம் அழுகை. ஆனால் தனியாக அழவில்லை, நான் பக்கத்திலேயே கிடந்தேன், இரண்டு தடவை தூக்கித் தோளில் போட்டு அடங்கியதும் கீழே வைத்தேன். அக்கா கேட்டதற்கு என் பதில் இது. அப்பா பக்கத்தில் இருக்கும்போது அழுவது வேறு, யாரும் இல்லாமல் அழுவது வேறு. அவனுக்குக் கோபம், பயம் இல்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடம் எனக்கும் வியர்த்துக் கொட்டியது.

பிறகு தட்டுவதை மெதுவாக்கி, தட்டாமல் கையை மட்டும் வைத்து, அடுத்த வாரம் கையையும் எடுத்து, பக்கத்தில் படுத்துத் தூங்குவது மாதிரி நடித்தேன். நடிப்பு என்று ஆரம்பித்து நானே முதலில் தூங்கிய நாட்களும் உண்டு. மொத்தம் மூன்று வாரம். குற்றால சீசனுக்குச் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வந்து இறங்கி ஆளுக்கு ஆள் தூக்கி வைத்து எல்லாம் கலைந்தது. அவர்கள் போன பிறகு மூன்றே ராத்திரியில் திரும்ப வந்துவிட்டான்.

ஒரு சின்ன விஷயம், தூளிக்குக் கட்டிய அதே பழைய சேலையைப் பாயில் விரித்தேன். அந்த வாசனைக்கு அடங்கினான்.

கொழிஞ்சாம்பாறை_நர்ஸ்

சேலை யோசனை நல்லது, ஆனால் அப்படியே விரிக்காதீர்கள். இழுத்து மடித்து நாலு பக்கமும் பாய்க்கு அடியில் இறுக்கமாகச் செருகிவிடுங்கள். தளர்ந்த துணி கையில் வந்தால் முகத்துக்கு இழுத்துக்கொள்வார்கள்.

எஸ்டேட்_லைன்வீடு

நீங்கள் எல்லோரும் தனி வீட்டுக்காரர்கள் என்று படிக்கும்போதே தெரிகிறது. நாங்கள் மூணாறு பக்கம் எஸ்டேட், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். என் பிள்ளை பத்து நிமிடம் அழுதால் ஐந்தாவது வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி 'வயிற்று வலியா, ஓமத்தண்ணி கொடுத்தியா' என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் பேக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவர். இந்த மாதிரி இடத்தில் நாற்பது நிமிட அழுகை என்பது நம் குடும்ப விஷயமே இல்லை, லைன் மொத்தத்துக்கும் பஞ்சாயத்து.

நான் செய்தது, முதலில் பிள்ளையிடம் அல்ல, வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். 'சனிக்கிழமை ராத்திரியிலிருந்து ஒரு வாரம் கொஞ்சம் அழுவான், நோய் ஒன்றும் இல்லை, நான் பக்கத்திலேயே இருப்பேன்' என்று. ஞாயிறு வேலை இல்லை என்பதால் சனி ஆரம்பித்தேன். சொல்லிவிட்டதால் யாரும் கோபப்படவில்லை, பாட்டி மட்டும் தினமும் காலையில் 'நேற்று குறைச்சல்தான்' என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நிஜமாகவே எனக்கு அது தெம்பாக இருந்தது.

கூடலூர்_மூன்றுபிள்ளைக்காரி

புளியரைத் தம்பி, பக்கத்தில் கிடந்து தட்டிக்கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சத்தம் போட்டிருக்க மாட்டேன்.

ராத்திரி இதை யோசித்துக்கொண்டே படுத்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. மூத்தவனையும் நடுவுள்ளவளையும் என் மாமியார் ஆட்டித்தான் வளர்த்தார், இரண்டும் இரண்டு வயது வரை ராத்திரியில் என்னைத் தூங்க விட்டதில்லை. கடைக்குட்டி பிறந்தபோது மாமியார் இல்லை. திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கல்தூண்களுக்கு நடுவில் தூளியைக் கட்டி, பாலைக் கொடுத்துப் போட்டுவிட்டு நான் கொத்து வெட்டப் போய்விடுவேன். கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான், ஆனால் ஆட்ட ஆள் கிடையாது. அது பந்தல் இலையைப் பார்த்துக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டு கிடந்து தானே தூங்கிப்போகும். மூன்றில் நன்றாகத் தூங்கின பிள்ளை அதுதான். அதற்கு ராசியான பிள்ளை என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இப்போது பார்த்தால் ராசி இல்லை, எனக்கு நேரம் இல்லாததுதான் காரணம் போலிருக்கிறது.

குமுளிச்சாரல்

அக்கா, இதைப் படித்துவிட்டு நானும் மாமியாரும் சிரித்தோம். மாமியார் இப்போது உங்கள் கட்சி.

சில சந்தேகங்கள். குமுளியில் இப்போது சாரல், தரை சில்லிடுகிறது, போர்வை இல்லாமல் எப்படி? எத்தனை மணிக்குப் படுக்க வைப்பது? சளி மருந்து கொடுத்தால் நன்றாகத் தூங்குவாள் என்று ஒரு சொந்தக்காரர் சொல்கிறார், வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொல்லி இன்னொருவர்.

கொழிஞ்சாம்பாறை_நர்ஸ்

கடைசியில் இருந்து வருகிறேன். தூக்கத்துக்காகச் சளி மருந்து கொடுக்கவே கூடாது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சிரப்பை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2023 டிசம்பரில் உத்தரவு போட்டது. வசம்பை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம், அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை போட்ட பொருள்.

குளிருக்கு: கீழே இரண்டு பாய், மேலே ஒரு கம்பளியை நன்றாக இழுத்துச் செருகி அதன்மேல் சேலை. போர்வைக்குப் பதில் உடுப்பை ஒரு அடுக்குக் கூட்டுங்கள். தலைக்குக் குல்லா தூங்கும்போது வேண்டாம். பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் போதும், வியர்த்திருந்தால் அதிகம்.

நேரம்: உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரைப்படி 4 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம். மாலை ஆறரைக்கு ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு எட்டு மணிக்குப் படு என்றால் அவள் என்ன செய்வாள்? கடைசிப் பகல் தூக்கம் நாலரை, ஐந்துக்குள் முடியட்டும். இந்த வயதில் பெரும்பாலும் இரண்டரை, மூன்று மணி நேரம் விழித்திருந்தால் தூக்கம் தயாராகிவிடும். பெரும்பாலும் நாம் தோற்பது இங்கேதான், தூக்கமே வராத பிள்ளையைத் தூங்கப் பழக்குகிறோம்.

தினமும் ஒரே வரிசை வையுங்கள். உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றி, பால், பிறகு பாட்டு, பிறகு விளக்கு. பால் கடைசியில் வேண்டாம், பால் குடித்துக்கொண்டே தூங்கினால் தூளிக்குப் பதில் பால் என்று ஆகும். ராத்திரி பசிக்கு எழுந்தால் தாராளமாகக் கொடுங்கள், அதை நிறுத்துவது இதில் சேர்த்தி இல்லை. காய்ச்சல், காது வலி, வயிற்றுப்போக்கு இருந்தால் ஆரம்பிக்காதீர்கள். எடை சரியாக ஏறவில்லை, தூக்கத்தில் குறட்டையோ மூச்சுத் திணறலோ இருக்கிறது என்றால் முதலில் மருத்துவர்.

அழுகையால் மனம் பாதிக்குமா என்று கேட்பவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் 2016ல் வெளியான ஓர் ஆய்வில் 6 முதல் 16 மாதம் வரையிலான 43 குழந்தைகளைப் பார்த்தார்கள். இடைவெளி விட்டுவிட்டுத் தேற்றியவர்கள், படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டவர்கள், தூக்கம் பற்றிய தகவல் மட்டும் பெற்றவர்கள் என்று மூன்று குழு. உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோன் கூடவில்லை, ஒரு வருடம் கழித்துத் தாயோடு ஒட்டுதலிலும் வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், அதை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருந்துகொண்டு கொஞ்சம் அழுதால் தாய் தவித்துப்போக வேண்டாம் என்கிற அளவுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

திருத்தணி_வடக்கு

படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது எனக்கு உதவியது. ஏழரைக்குப் படுக்க வைத்து ஒன்பது வரை மல்லுக்கட்டுவோம். ஒன்பதுக்கே படுக்க வைத்தேன், பத்து நிமிடத்தில் தூங்கினான். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னால் இழுத்து எட்டுக்குக் கொண்டுவந்தேன். காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் மாற்றவே இல்லை. மோட்டார் தொட்டிலில் இப்போது மடித்த துணி வைத்திருக்கிறோம்.

குமுளிச்சாரல்

ஆறாம் நாள் ராத்திரி. தூளியில் ஆட்டத்தை நிறுத்துவது மூன்று நாளில் சரியாகிவிட்டது, நம்பவே முடியவில்லை. பாய்க்கு மாற்றியதுதான் ராவணன் கோட்டை. நேற்று இருபத்தைந்து நிமிடம் அழுதாள், நான் தட்டிக்கொண்டே அழுதேன். வீட்டுக்காரர் ஏலக்காய் ஸ்டோரில் இருந்து வந்து பார்த்துவிட்டு, யார் யாரைத் தூங்க வைக்கிறீர்கள் என்று கேட்டார். அப்புறம் அவரே உட்கார்ந்து தட்டினார். என்னிடம் பால் வாசனை இருப்பதாலோ என்னவோ, அவர் கையில் பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டாள்.

பகலில் மாமியார் தூளியில்தான் போடுகிறார். அது கெடுக்குமா?

புளியரை_அப்பா

எங்கள் வீட்டில் கெடுக்கவில்லை. அம்மா பகலில் ஆட்டினார், ராத்திரி நான் ஆட்டவில்லை, பையனுக்கு ஆள் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. பகலையும் ராத்திரியையும் ஒன்றாகப் பிடித்தால் அம்மாவோடு சண்டைதான் மிச்சம். ராத்திரி முடிந்ததும் பகல் பாருங்கள். ராத்திரி டியூட்டி முதல் வாரம் உங்கள் வீட்டுக்காரரே பார்க்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை_நர்ஸ்

தம்பி சொன்னதோடு ஒன்று, பகல் தூளியில் தூங்கும்போது யாராவது கண் வைத்திருக்க வேண்டும்.

குமுளிச்சாரல்

பதினெட்டாம் நாள். நாளை மறுநாள் வேலைக்குப் போகிறேன், அதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

நேற்று எட்டேகாலுக்குப் பாயில் போட்டேன். தட்டவில்லை. கால் கட்டை விரலைப் பிடித்து இழுத்தாள், கொசுவலைக் குடையைப் பார்த்து ஏதோ பேசினாள், கொஞ்சம் முனகினாள், பக்கத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். எட்டே முப்பத்தைந்துக்குத் தூங்கிவிட்டாள். பதினொன்றரைக்கு முனகல் கேட்டு எழப்போனேன், மாமியார் கையைப் பிடித்துப் 'பொறு' என்றார். புரண்டு படுத்துவிட்டாள். இரண்டே முக்காலுக்கும் நாலரைக்கும் பால். முன்பு ஏழு, இப்போது இரண்டு.

நான்தான் இன்னும் மணிக்கொரு தரம் விழிக்கிறேன். எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.

கூடலூர்_மூன்றுபிள்ளைக்காரி

அது போகாதும்மா. என் கடைக்குட்டிக்கு இருபது வயது, ஓசூரில் வேலை, லீவுக்கு வந்தால் இப்பவும் ராத்திரி ஒரு தடவை எட்டிப் பார்க்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறு.

எஸ்டேட்_லைன்வீடு

வாழ்த்துகள் அக்கா. பக்கத்து வீட்டில் இப்போது இரட்டைப் பிள்ளைகள், ஐந்து மாதம், ஒன்று அழுதால் மற்றது எழுகிறது. இந்த இழையைக் காட்டினேன், இரண்டையும் ஒரே சமயத்தில் பழக்குவதா, ஒன்றை முதலிலா என்று கேட்கச் சொன்னார்கள். யாருக்காவது அனுபவம் உண்டா?